பிஸ்டல் பழகும் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் சுவிஸிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஊருக்கு வரும் பிள்ளைகளில் சிலர் அங்குள்ள சுடுபயிற்சிக் கழகங்களில் பிஸ்டல் பழகுகிறவர்கள். "மாமா, எந்தப் பிஸ்டல் வாங்கலாம்? அதில் எதை மாற்றலாம்? பழுதானால் யாரிடம் கொடுக்கலாம்?" என்று வடமராட்சியில் இருக்கும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். சுவிஸில் வேலை செய்த காலத்தில் அங்கே ஒரு கழகத்தில் உறுப்பினனாக இருந்தவன் நான். கழகப் பிஸ்டல்களைத் துடைத்துப் பராமரிக்கும் மேசையில் கூடமாட நின்றவன். அந்தப் பழக்கத்தில் தெரிந்ததை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

துவக்கால் பிள்ளைகளை இழந்த வீடுகள் நிறைந்த ஊர் இது. ஆகவே தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். நான் எழுதுவது இலக்கு அட்டையை மட்டுமே நோக்கும் விளையாட்டைப் பற்றி. 10 மீற்றர் தூரத்தில் 11.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள பத்தாம் வட்டத்தை, ஒற்றைக் கையை நீட்டிப் பிடித்து, மூச்சை அடக்கி, 60 தடவை தொட முயலும் ஒழுக்கம் அது. அதில் சேரும் பிள்ளை மூன்று எல்லைகளை அறிந்திருந்தால் போதும். கைப்பிடி உங்களுடையது, உள்ளிருக்கும் பொறி செய்தவருடையது, வைத்திருக்கும் உரிமை சட்டத்தினுடையது. கீழே வரும் பன்னிரண்டும் இந்த மூன்றின் விரிவுதான்.

1. விலை கேட்குமுன் சட்டத்தை வாசியுங்கள்.

ஒரு நாட்டில் இருக்கும் மச்சான் சொல்வதை நம்பி இன்னொரு நாட்டில் பிஸ்டல் வாங்கக்கூடாது. டன்பிளேன் பாடசாலையில் 1996இல் நடந்த படுகொலைக்குப் பின், பிரித்தானியா 1997இல் கைத்துப்பாக்கிகள் தனியாரிடம் இருப்பதைப் பெரும்பாலும் தடைசெய்தது. கனடாவில் 2022 ஒக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கிகளை வாங்குவதும் கைமாற்றுவதும் முடக்கப்பட்டன. ஒலிம்பிக் வகைப் போட்டியாளருக்கு வரையறுத்த விலக்கு உண்டு. ஜேர்மனியில் .22 ரவை சுடும் பிஸ்டல் வாங்க விரும்புகிறவர் குறைந்தது 12 மாதம் கழகத்தில் ஒழுங்காகப் பயின்றிருக்கவேண்டும். ஆயுத அறிவுத் தேர்விலும் சித்தியடையவேண்டும். சுவிஸ் விதியோ சில நாட்டுக் குடிமக்கள் ஆயுதம் வாங்குவதையும் வைத்திருப்பதையும் தடுக்கிறது. அந்தப் பட்டியலில் இலங்கையும் சேர்க்கப்பட்டது. ஆகவே சுவிஸில் பிறந்து வளர்ந்தாலும் இலங்கைக் கடவுச்சீட்டு மட்டுமே உள்ள பிள்ளை, முதலில் தன் கன்டோன் பொலிஸாரிடம் எழுத்தில் விசாரிக்கவேண்டும்.

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் அடிப்படை. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். "இது காற்றில் இயங்குவதுதானே" என்று நினைத்து எயார் பிஸ்டலைப் பயணப்பெட்டிக்குள் வைத்து ஊருக்குக் கொண்டுவராதீர்கள். விமான நிலையத்தில் தொடங்கும் தொல்லை உங்களோடு நிற்காது, வீட்டாரையும் இழுத்துவிடும்.

2. ஊரில் கண்டெடுப்பதைத் தொடாதீர்கள்.

விடுமுறைக்கு வந்து காணி துப்புரவு செய்யும்போது துருப்பிடித்த துவக்கோ ரவையோ வேறு இரும்போ கண்ணில் படலாம். முகமாலைப் பக்கத்தில் போர் முடிந்து பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் கண்ணிவெடி அகற்றினார்கள். பிஸ்டல் பழகியவன் என்ற துணிவில் எடுத்துப் பார்க்கவேண்டாம். இடத்தை அடையாளம் வைத்துவிட்டு விலகிவந்து, கிராம சேவகருக்கோ பொலிஸுக்கோ அறிவியுங்கள். சிறுபிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

3. எயார் பிஸ்டலில் தொடங்குங்கள், அதுவும் கழகத்துடையதில்.

4.5 மில்லிமீற்றர் ஈயச் சன்னத்தைக் காற்றழுத்தத்தால் செலுத்தும் எயார் பிஸ்டலே தொடக்கக்காரருக்கு ஏற்றது. உதைப்பு மிகக் குறைவு, சத்தம் குறைவு, செலவும் குறைவு. உங்கள் கையில் இருக்கும் தவறு எதையும் அது மறைக்காது. நல்ல கழகங்களில் பொதுப் பிஸ்டல்கள் இருக்கும். ஒரு பருவம் முழுவதும் அவற்றையே பயன்படுத்துங்கள். உங்கள் கையின் அளவு, விரலின் நீளம், தோளின் பலம், எந்தக் கண் முந்திப் பார்க்கிறது என்பதெல்லாம் அந்தப் பருவத்தில்தான் தெரியவரும். அதற்கு முன் வாங்கும் பிஸ்டல் கடைக்காரரின் தெரிவாக இருக்குமே தவிர உங்கள் தெரிவாக இருக்காது. புதிய போட்டிப் பிஸ்டலின் விலை ஆயிரம் யூரோவைத் தாண்டும். அப்பாவின் இரவு வேலைக் காசை அவசரத்துக்குச் செலவிடாதீர்கள்.

4. தரத்தைக் கண்ணால் அல்ல, கையாலும் கடதாசியாலும் பாருங்கள்.

மினுக்கமும் நிறமும் தரமல்ல. போட்டிக்கென்று செய்யப்படும் எயார் பிஸ்டலோடு, அதே பிஸ்டலால் தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்த அட்டையும் வரும். சன்னங்கள் ஒரே துளைபோல ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்கவேண்டும். அட்டையில் எழுதிய தொடரிலக்கமும் பிஸ்டலில் பொறித்த தொடரிலக்கமும் ஒன்றா என்று பாருங்கள்.

பிறகு கழகப் பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, பிஸ்டல் வெறுமையாக இருக்கிறதா என்று உறுதிசெய்துவிட்டுச் சோதியுங்கள். விசையை மெதுவாக அழுத்தும்போது முதற்கட்டம் எங்கே முடிகிறது என்பது விரலுக்குத் தெளிவாகத் தெரியவேண்டும். அதன்பின் இழுபடாமல், கரகரக்காமல் விடுபடவேண்டும். பத்து முறை அழுத்தினால் பத்து முறையும் அதே உணர்வு வரவேண்டும். பின்குறியின் திருகாணியை நான்கு சொடுக்கு வலமும் நான்கு சொடுக்கு இடமும் திருப்பினால் பழைய இடத்துக்கே வந்து நிற்கவேண்டும். கைப்பிடியை இறுக்கிய பின் மரத்துக்கும் உலோகத்துக்கும் இடையே ஆட்டம் இருக்கக்கூடாது. காற்றழுத்தமானியின் அளவைக் குறித்துவைத்து, மறுநாள் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது.

பழையது என்றால் தரமற்றது என்று எண்ணவும் வேண்டாம். ஜேர்மனியின் ஓபர்ன்டோர்வ் நகரிலுள்ள ஃபைன்வெர்க்பாவ் 1960களில் வெளியிட்ட மொடல் 65 பிஸ்டல்கள், ஸ்பிரிங்கும் உந்தியும் கொண்டவை. பக்கத்து நெம்புகோலை இழுத்துச் சுடும் அவற்றுக்குக் காற்றுச் சிலிண்டர் தேவையில்லை. தேய்ந்த அடைப்பு வளையங்களை மாற்றி இன்றும் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐம்பது ஆண்டு கழித்தும் திருத்தக்கூடியதாகச் செய்வதே உண்மையான தரம்.

5. சிலிண்டரின் திகதியைப் பாருங்கள்.

இன்றைய எயார் பிஸ்டல்களின் சிலிண்டரில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் காற்று அடைபட்டிருக்கும். அதன்மேல் திகதி பொறித்திருக்கும். உற்பத்தியான நாளிலிருந்து பத்து ஆண்டுகள் என்பதே உற்பத்தியாளர்கள் பொதுவாகச் சொல்லும் ஆயுள். திகதி கடந்த சிலிண்டரோடு போட்டிக்குப் போகாமல் பார்ப்பது சுடுபவரின் பொறுப்பு என்பது சர்வதேசச் சுடுவிளையாட்டுச் சம்மேளனத்தின் விதி. பாவித்த பிஸ்டல் மலிவாகக் கிடைக்கிறது என்றால் புதிய சிலிண்டரின் விலையையும் கூட்டிப் பாருங்கள். சிலிண்டருக்கோ அதன் வால்வுக்கோ கண்ட எண்ணெயையும் விடாதீர்கள்; உயர் அழுத்தக் காற்றோடு பெற்றோலிய எண்ணெய் சேர்ந்தால் தீப்பற்றி வெடிக்கலாம். கைநூலில் சொல்லியிருக்கும் மசகு மட்டுமே.

6. கைப்பிடியைத் துணிந்து திருத்துங்கள்.

உங்களுக்கு முழு உரிமை உள்ள இடம் இதுதான். தொழிற்சாலை சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று நான்கு அளவில் பிடி செய்கிறது. கைகளோ ஆளுக்கு ஆள் வேறு. சுவிஸின் தெற்கிலுள்ள பெடானோவில் இயங்கும் மொரினி நிறுவனத்தின் பெயரே முதலில் கைக்கேற்ற பிடிகளால் புகழ்பெற்றது என்பதை நினைத்துப் பாருங்கள். பிடியின் முக்கியத்துவம் அதிலேயே விளங்கும்.

பிடி பொருந்துகிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. வெறும் பிஸ்டலைப் பிடித்து, கண்ணை மூடி, இலக்கின் திசையில் கையை உயர்த்தி நிறுத்துங்கள். பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். முன்குறி பின்குறியின் வெட்டுக்குள் தானாக நேரே நின்றால் பிடி உங்களுடையது. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் சரிந்து நின்றால் பிடியைத் திருத்தவேண்டும். மணிக்கட்டை முறுக்கிச் சமாளிக்கக்கூடாது.

உள்ளங்கையில் இடைவெளி இருக்கும் இடத்தில் மரப்பசை மாவை வைத்து நிரப்புங்கள். அது காயுமுன் பிடித்துப் பார்த்துக் கைத்தடத்தைப் பதியுங்கள். அழுத்தி நோகும் இடத்தை அரத்தால் சிறிது சிறிதாகத் தேயுங்கள். கூட்டியதை எடுக்கலாம், குறைத்ததைத் திரும்ப வைப்பது சிரமம். ஆகவே அரத்தை எடுக்குமுன் ஒரு வாரம் பொறுத்திருங்கள். அடிப்பகுதியிலுள்ள உள்ளங்கைத் தாங்கியை இறுக்கிக் கையை நெரிக்காமல், தொட்டுநிற்கும் அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். விசை விரல் மரத்தில் எங்கும் உரசக்கூடாது.

இடக்கைப் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். வலக்கைப் பிடியை வைத்துச் சமாளிக்கவேண்டாம். இடக்கைப் பிடி தனியாகக் கிடைக்கும். "இடக்கையால் பிடிக்காதே" என்று வீட்டில் யாரும் சொன்னால் ஹங்கேரிக்காரர் கரோலி தகாச்சின் கதையைச் சொல்லுங்கள். 1938இல் கைக்குண்டு வெடித்து அவருடைய வலக்கை சிதைந்தது. இடக்கையால் புதிதாகப் பழகி, 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் விரைவுப் பிஸ்டலில் தங்கம் வென்றார்.

7. விதியின் அளவுக்குள் நில்லுங்கள். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுங்கள்.

எயார் பிஸ்டலின் நிறை 1500 கிராமைத் தாண்டக்கூடாது. 420 மில்லிமீற்றர் நீளம், 200 உயரம், 50 அகலமுள்ள பெட்டிக்குள் அது முழுதாக அடங்கவேண்டும். விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்கவேண்டும், 25 மீற்றர் .22 பிஸ்டலுக்கு அது 1000 கிராம். கைப்பிடியின் எந்தப் பகுதியும் மணிக்கட்டுக்கு முண்டுகொடுக்கக்கூடாது. போட்டிக்கு முன் இவற்றையெல்லாம் அளந்து பார்ப்பார்கள். அழகாகத் திருத்திய பிடியோடு சோதனை மேசையில் திரும்பி நிற்பது பெரிய வேதனை.

முன்குறியின் அகலம், பின்குறியின் வெட்டு, விசையின் முன்பின் இடம், சமநிலை எடை எல்லாவற்றையும் மாற்றலாம். ஆனால் இன்று ஒன்றை மாற்றினால், நூறு சன்னமாவது சுட்டுப் பார்க்காமல் அடுத்ததைத் தொடாதீர்கள். ஒரு கொப்பியில் திகதி போட்டு, எந்தத் திருகாணியை எத்தனை சுற்று எந்தப் பக்கம் திருப்பினீர்கள் என்று எழுதுங்கள். சன்னத்தின் தலை அளவும் பெட்டியில் இருக்கும்: 4.48, 4.49, 4.50 மில்லிமீற்றர் என்று. உங்கள் குழலுக்கு எது ஒத்துவருகிறது என்பதையும் குறித்துவையுங்கள்.

8. உள்ளிருக்கும் பொறியைத் திறக்காதீர்கள்.

எங்கள் சனத்தின் கை எதையும் கழற்றிப் பூட்டிய கை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வரவில்லை. ஒரு துளி பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். பற்றரி இல்லாதபோது சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரி வைத்து எரித்த சிறுவிளக்கில் பிள்ளைகள் படித்துப் பரீட்சை எழுதினார்கள். அந்தக் கைத்திறன் எங்கள் பெருமை. அதை ஒருநாளும் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் பிஸ்டலின் பொறியில் அதற்கு இடமில்லை. விசைக்குள் ஒன்றையொன்று பற்றிநிற்கும் உலோக முனைகள் மிகச் சிறியவை. அவற்றைத் தேய்த்து விசையை மென்மையாக்க முயன்றால், மேசையில் சற்று வேகமாக வைத்தாலே வெடிக்கும் ஆபத்து வரும். அழுத்தத்தைக் கூட்டிச் சன்னத்தின் வேகத்தை உயர்த்தினால் அட்டையில் ஒரு புள்ளியும் கூடாது; சட்டத்தில் மட்டும் வகை மாறிவிடும். ஜேர்மனியில் 7.5 ஜூல் வரையுள்ள, அடையாளம் பொறித்த எயார் பிஸ்டலை 18 வயதானவர் அனுமதிப்பத்திரமின்றி வாங்கலாம். அதற்கு மேலே போனால் அனுமதிப்பத்திரம் தேவை. கழற்றிய தடம் தெரிந்தால் உற்பத்தியாளரின் உத்தரவாதமும் போய்விடும். கைநூலில் "பாவிப்பவர் சரிசெய்யலாம்" என்று காட்டிய திருகாணிகளோடு உங்கள் வேலை முடிகிறது.

9. பிஸ்டலோடு அதன் பராமரிப்பையும் சேர்த்து வாங்குங்கள்.

ஒஸ்திரியாவின் ஸ்டையர், ஜேர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், இத்தாலியின் பர்தினி, சுவிஸின் மொரினி எல்லாமே ஒலிம்பிக் மேடை கண்ட பெயர்கள். அந்த உயரத்தில் ஒன்றுக்கும் மற்றதற்கும் உள்ள வேறுபாடு தொடக்கக்காரரின் புள்ளியில் தெரியாது. உங்களுக்குப் பெரிய வேறுபாடு, பழுது வரும் நாளில்தான் தெரியும்.

ஆகவே கடையில் இவற்றைக் கேளுங்கள். இந்த நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட திருத்துநர் எங்கே இருக்கிறார்? அடைப்பு வளையம், ஸ்பிரிங், விசை உறுப்பு கையிருப்பில் உண்டா? இந்த மொடலை நிறுத்தினால் எத்தனை ஆண்டுக்கு உதிரிப்பாகம் தருவார்கள்? உத்தரவாதக் காலத்தில் அனுப்பும் செலவு யாருடையது? இலத்திரனியல் விசை என்றால் எந்தப் பற்றரி, எங்கே கிடைக்கும்? நேரே பதில் சொல்லும் கடையில் வாங்குங்கள். விலைக்குறைப்பை மட்டும் பேசும் கடையை விட்டு வாருங்கள். உங்கள் கழகத்தில் பெரும்பான்மையோர் வைத்திருக்கும் பிஸ்டலையே வாங்குவதும் புத்திசாலித்தனம்: பக்கத்து மேசையில் உதிரிப்பாகமும் அனுபவமும் இருக்கும்.

10. உற்பத்தியாளருக்கு எழுதும் முறையைப் பழகுங்கள்.

கோபத்தில் எழுதிய கடிதத்துக்கு மன்னிப்புக் கடிதம் வரும், திருத்தம் வராது. மொடல், தொடரிலக்கம், வாங்கிய திகதி, கடையின் பெயர், பற்றுச்சீட்டின் படம் ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். பிறகு பழுதின் அடையாளத்தை: எப்போது தொடங்கியது, எத்தனை சன்னத்துக்கு ஒருமுறை வருகிறது, அழுத்தம் எவ்வளவு இருந்தபோது, எந்தச் சன்னம். "சரியாக வேலை செய்யவில்லை" என்ற வரியை வைத்துத் திருத்துநரால் எதுவும் செய்யமுடியாது. நீங்கள் கழற்றியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். கொப்பியில் குறித்தது இங்கே கைகொடுக்கும்.

பிஸ்டலைச் சாதாரணப் பொதியாகத் தபாலில் போடாதீர்கள். சட்டப்படி அனுப்பும் வழி கடைக்காரருக்கும் கழகத்துக்கும் தெரியும். சிலிண்டரை எப்படிக் கொடுப்பது என்றும் கேளுங்கள். நிறைந்த சிலிண்டரை அனுப்பக்கூடாது. திருத்தி வந்ததும் புதிய சோதனை அட்டை கேளுங்கள். நன்றாகச் செய்து தந்தால் நன்றி எழுதுங்கள். அந்த மேசையில் இருப்பவரும் ஒரு தொழிலாளிதான்.

11. நல்ல பிஸ்டலும் உடையும் என்று ஆயத்தமாகப் போங்கள்.

2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக். இந்திய வீராங்கனை மனு பாக்கர் எயார் பிஸ்டல் தகுதிச் சுற்றில் நின்றபோது அவருடைய பிஸ்டல் பழுதுபட்டது. களத்தைவிட்டு வெளியே போய்ச் சரிசெய்து திரும்புவதற்குள் கால்மணி நேரத்துக்கு மேல் போனது. 60 சன்னத்துக்கும் மொத்தமே 75 நிமிடம். மீதி நேரத்தில் சுட்டு 575 எடுத்தார். இறுதிச் சுற்று இரண்டு புள்ளியால் தவறியது. உலகத் தரமான கருவி, பக்கத்தில் பயிற்சியாளர்கள், எல்லாம் இருந்தும் நடந்தது அது. அதே மனு பாக்கர் 2024 பாரிஸில் எயார் பிஸ்டலில் தனியாக ஒன்றும், சரப்ஜோத் சிங்குடன் கலப்பு அணியில் ஒன்றுமாக இரண்டு வெண்கலம் வென்றார்.

பெரிய போட்டிகளுக்கு உற்பத்தியாளர்கள் தங்கள் திருத்துநர்களை அனுப்பி மேசை போட்டு உதவுவார்கள். உங்கள் கழகப் போட்டிக்கு அவர்கள் வரமாட்டார்கள். ஆகவே பெட்டிக்குள் அடைப்பு வளையங்கள், இரண்டாவது சிலிண்டர், புதிய பற்றரி, பொருத்தமான அலன் கீக்கள், கைநூல் எல்லாம் இருக்கவேண்டும். போட்டிக்கு முதல்நாள் எதையும் மாற்றாதீர்கள். பழுது வந்தால் பிஸ்டலின் வாயைத் திருப்பாமல், அப்படியே இலக்குப் பக்கம் கீழே வைத்து, நடுவரை அழையுங்கள். பதற்றத்தில் பிஸ்டலோடு பின்னால் திரும்புவது பழுதைவிடப் பெரிய தவறு.

12. துடையுங்கள், பூட்டுங்கள், காட்டித் திரியாதீர்கள்.

சுட்டு முடிந்ததும் வியர்வை பட்ட உலோகத்தைத் துடைத்துவையுங்கள். பிடியின் மரத்தை வெயிலில் வைக்காதீர்கள். சுடும் நேரம் தவிர, பிஸ்டல் பெட்டிக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு கணமும் குழலுக்குள் பாதுகாப்பு இழை போட்டிருக்கட்டும். வெறுமை என்று தெரிந்தாலும் நிறைந்ததாகவே நடத்துங்கள். இலக்கைப் பார்க்கும்வரை விரல் விசையில் போகக்கூடாது. வீட்டில் பிஸ்டல் ஒரு பூட்டிலும் சன்னம் இன்னொரு பூட்டிலும் இருக்கட்டும். திறப்பு உங்களிடம் மட்டும் இருக்கட்டும். கையில் பிஸ்டலோடு படம் எடுத்து ஊருக்கு அனுப்பவேண்டாம். அந்தப் படத்தைப் பார்த்து நித்திரை இழக்கும் தாய்மார் இங்கே இன்னும் இருக்கிறார்கள்.

பிள்ளைகளே, இந்தத் துறையில் எங்கள் பெயர்களும் வரத் தொடங்கிவிட்டன. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் எயார் றைபிளில் உலகக் கிண்ணத் தங்கம் வென்றவர். இலங்கையின் தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் சுட்டவர். உங்களில் ஒருவர் அந்த வரிசையில் நிற்பதைக் காண ஆசைப்படுகிறேன். அதற்கு விலைகூடிய பிஸ்டல் வேண்டியதில்லை. கழகத்தில் சேருங்கள்; சட்டத்தை மதியுங்கள்; கைப்பிடியை உங்கள் கைக்கு ஆக்கிக்கொள்ளுங்கள்; பொறியைச் செய்தவரிடம் விடுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது பிஸ்டலைக் கொண்டுவரவேண்டாம். அந்தக் கொப்பியை மட்டும் கொண்டுவாருங்கள், இருந்து பார்ப்போம்.